வீட்டுக் கணினியில் ஒரு சர்வர்: வாசகர் கேள்வி பதில்

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் வேலூர் 2019இல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. இன்றைய அந்த நான்கு மாவட்டங்களிலிருந்தும் வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, விண்டோஸ் கணினியில் இணையதளம் உருவாக்குவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்வது எப்படி என்பதையே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 உள்ளது, ராம் 4 ஜி.பி. மட்டுமே. ஒவ்வொரு காணொளியும் ஒவ்வொரு மென்பொருளை நிறுவச் சொல்கிறது. எக்ஸாம்ப், நோட்.ஜேஎஸ், டாக்கர், டபிள்யூ.எஸ்.எல். என்று எல்லாவற்றையும் நிறுவிய பின் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. உண்மையில் எனக்கு எவை தேவை?
(பாலிடெக்னிக் மாணவி, காட்பாடி)

பதில்: இணையதளம் உருவாக்கும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன: நிரலை எழுதுகிறோம், அதை இயக்குகிறோம், விளைவைப் பார்க்கிறோம். எழுதுவதற்கு ஓர் எடிட்டரும் பார்ப்பதற்கு ஒரு பிரவுசரும் எல்லோருக்கும் வேண்டும். நடுவில் உள்ள இயக்கும் பகுதிதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். காணொளிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுவதும் இந்தப் பகுதியில்தான். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு மொழியில் எழுதுவோருக்காகச் செய்யப்பட்டவை.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் பிரவுசரே இயக்கிவிடும். நீங்கள் இப்போது கற்பது இவற்றை மட்டுமே என்றால் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரும், அதனுள் 'லைவ் சர்வர்' என்ற நீட்சியும் போதும். கோப்பைச் சேமித்தவுடன் பிரவுசரில் பக்கம் தானாகவே புதுப்பிக்கப்படுவதைக் காண்பீர்கள். இந்த எடிட்டர் 4 ஜி.பி. ராமில் தாராளமாக இயங்கும். ஆனால் கண்ணில் பட்ட நீட்சிகளையெல்லாம் சேர்த்தால் அதுவும் கனத்துப்போகும்.

பிஎச்பி கற்கத் தொடங்கும்போதுதான் எக்ஸாம்ப் தேவைப்படும். பிஎச்பியைப் பிரவுசர் அறியாது; அதைச் சர்வரே இயக்கி, விளைவை எச்டிஎம்எல் ஆக்கிப் பிரவுசருக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சர்வராகிய அப்பாச்சியையும், மரியாடிபி என்ற தரவுத்தளத்தையும் (எக்ஸாம்ப்பின் பலகத்தில் இது 'மைஎஸ்கியூஎல்' என்றே காட்டப்படும்), பிஎச்பியையும் ஒரே நிறுவலில் தருவதுதான் எக்ஸாம்ப். இதைச் சி டிரைவில் அது தானாகக் காட்டும் 'எக்ஸாம்ப்' கோப்புறையிலேயே நிறுவுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் எழுதுவதற்கு விண்டோஸ் ஒவ்வொரு முறையும் நிர்வாகி அனுமதி கேட்கும். அங்கே நிறுவினால் காரணம் தெரியாத பிழைகள் தொடரும். உங்கள் பிஎச்பி கோப்புகளை 'எச்டிடாக்ஸ்' கோப்புறையினுள் வைத்து, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரியின் வழியாகவே திறக்க வேண்டும். கோப்பின் மீது இருமுறை சொடுக்கித் திறந்தால் நிரல் இயங்காது. புதிதாகக் கற்போர் பலர் எக்ஸாம்ப் பழுதாகிவிட்டதாகக் கருதி அதை நீக்கி மீண்டும் நிறுவுவது இதனால்தான்.

நோட்.ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே இயக்குவது. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களைக் கற்கும் நாள் வரும்போது அதை நிறுவினால் போதும், அப்போது எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) என்று குறிக்கப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பின், ஏற்கெனவே திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய சாளரத்துக்கு நோட் இருக்கும் இடம் தெரியாது. நோட்டுடன் வரும், நிரல் தொகுப்புகளை நிறுவ உதவும் 'என்.பி.எம்.' கட்டளையைப் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் கொடுக்கும்போது, ஸ்கிரிப்ட்டுகளை இயக்க இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்ற சிவப்பு எழுத்து வந்தால் அது நோட்டின் குறையன்று, பவர்ஷெல்லின் பாதுகாப்பு விதி. அதே கட்டளையை விண்டோஸின் மற்றொரு கட்டளைச் சாளரமாகிய கமாண்ட் ப்ராம்ப்டில் கொடுத்தால் இயங்கும்.

டாக்கரையும் டபிள்யூ.எஸ்.எல்.லையும் இப்போதைக்கு நீக்கிவிடுங்கள். விண்டோஸினுள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல்.லின் இரண்டாம் பதிப்பு மிக நல்ல வசதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கணினியின் ராமில் ஏறத்தாழப் பாதிவரை எடுத்துக்கொள்ளும் வகையில் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. 4 ஜி.பி.யில் பாதி போய்விட்டால் மீதியில் விண்டோஸும் பிரவுசரும் எடிட்டரும் சேர்ந்து இயங்க முடியாது. உங்கள் கணினி திணறுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் இட்டதுபோல் இயக்கும் டாக்கரும் பெரும்பாலும் இதன் மீதே இயங்குகிறது.

இன்னும் இரண்டு செய்திகள். விண்டோஸ் 10க்கான இயல்பான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டன. ஆகவே உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதைப் பார்த்துவிடுங்கள். அடுத்து, 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைகள் பல கணினிகளில் ஒன்டிரைவுடன் இணைந்திருக்கும். நோட் திட்டம் ஒன்றில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் சேரும் என்பதால், அவை அனைத்தையும் ஒன்டிரைவ் இணையத்தில் ஏற்ற முயன்று, கணினியையும் உங்கள் டேட்டாவையும் சேர்த்து விழுங்கும். சி டிரைவில் இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, எல்லாத் திட்டங்களையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸாம்ப்பில் அப்பாச்சி தொடங்கவில்லை. 80ஆம் போர்ட்டை வேறு ஏதோ பயன்படுத்துகிறது என்று வருகிறது. கணினியை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?
(காலணி உதிரிபாக விற்பனையாளர், ஆம்பூர்)

பதில்: வேண்டவே வேண்டாம். போர்ட் என்பது, கணினிக்கு வரும் இணைப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று காட்டும் எண். ஒரு போர்ட் எண்ணில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டுமே காத்திருக்க முடியும். இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாக்கப்பட்ட பக்கங்களுக்கு 443, மைஎஸ்கியூஎல், மரியாடிபி தரவுத்தளங்களுக்கு 3306 என்பது வழக்கம். எக்ஸாம்ப்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'நெட்ஸ்டாட்' என்ற பொத்தானை அழுத்தினால் எந்தப் போர்ட்டில் எந்த மென்பொருள் அமர்ந்திருக்கிறது என்று பட்டியல் வரும். 80க்கு நேராக 'சிஸ்டம்' என்றும் எண் 4 என்றும் இருந்தால், பெரும்பாலும் அது விண்டோஸின் சொந்தச் சர்வராகிய ஐ.ஐ.எஸ். ஆகும். அது உங்களுக்குத் தேவையில்லை என்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' என்பதை நிறுத்திவிடலாம்.

தேவையென்றாலோ, எது என்று புரியவில்லையென்றாலோ, அப்பாச்சியையே வேறு எண்ணுக்கு மாற்றுவது எளிது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சிக்கு நேரே உள்ள 'கான்ஃபிக்' பொத்தானை அழுத்தி, முதலில் வரும் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்ற வரியை 'லிசன் 8080' என்றும், 'சர்வர்நேம்' வரியின் இறுதியில் உள்ள 80ஐ 8080 என்றும் மாற்றுங்கள். அதன்பின் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதை அடுத்து முக்காற்புள்ளியும் 8080உம் சேர்த்துத் தட்டச்சிட வேண்டும். 443இலும் இதே சிக்கல் எழுந்தால், எஸ்எஸ்எல் அமைப்புக்கென்று உள்ள கோப்பில் அதே வகையில் மாற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் பட்டுப்புடவைக் கடைக்காக நானே இணையதளம் செய்தேன். என் கணினியில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. வாடகைச் சர்வரில் ஏற்றியவுடன் பாதிப் படங்கள் காணவில்லை. சர்வர் நிறுவனத்தார், கோப்புகள் சரியாகவே இருக்கின்றன என்கிறார்கள்.
(நெசவாளர் குடும்பத்து இளைஞர், ஆரணி)

பதில்: அவர்கள் சொல்வது உண்மை, உங்கள் கணினியில் தெரிந்ததும் உண்மை. விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. வாடகைச் சர்வர்களில் பெரும்பாலானவை இயங்கும் லினக்ஸோ கண்டிப்பாகப் பார்க்கும். கேமராக்கள் பலவும் படத்தின் பெயரையும் 'ஜேபிஜி' என்ற பின்னொட்டையும் பெரிய எழுத்தில் சேமிக்கின்றன. நீங்கள் நிரலில் அதைச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றெனக் கொண்டது. லினக்ஸ் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

உங்கள் கணினியில் சரியாக இயங்குவது மட்டும் போதாது, தளம் இறுதியில் குடியேறப்போகும் சர்வரை உங்கள் கணினி எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று இந்தப் பகுதியில் நாம் வலியுறுத்துவது இத்தகைய இடங்களை எண்ணித்தான். பிஎச்பியின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்பு, எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை), கோப்புப் பெயர் ஆகிய நான்கும் இரு இடங்களிலும் ஒன்றாக இருந்துவிட்டால், ஏற்றிய பின் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போய்விடும். சர்வரை வாடகைக்கு எடுக்கும் முன்பே அங்குள்ள பதிப்பு எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கலுக்குத் தீர்வு இது: எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி, சொற்களுக்கு நடுவே சிறுகோடிட்டுப் பெயர் வையுங்கள். நிரலிலும் அவ்வாறே மாற்றுங்கள். தரவுத்தள அட்டவணைகளின் பெயர்களுக்கும் இதே விதி பொருந்தும். விண்டோஸில் மரியாடிபி அந்தப் பெயர்களையும் எழுத்து வேறுபாடு பாராமல் ஏற்கும், லினக்ஸில் ஏற்காது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை நீங்கள் பயன்படுத்துபவராயின், எழுத்தை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றியதை விண்டோஸில் கிட் கவனிக்காமல் விடக்கூடும் என்பதால், பெயர் மாற்றத்தைக் கிட்டின் 'மூவ்' கட்டளை வழியாகவே செய்யுங்கள்.

விண்டோஸ் கோப்புகளின் பின்னொட்டை மறைத்து வைப்பதையும் இதனோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வை இயக்கிவிட்டால், பிஎச்பி என்று நீங்கள் நினைத்த கோப்பு உண்மையில் டிஎக்ஸ்டியில் முடிவது போன்ற மயக்கங்கள் நேரா.

கேள்வி: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அருகில் தங்கும் விடுதி நடத்துகிறோம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளோடு வருவோரே அதிகம் என்பதால், முன்பதிவுப் பக்கத்தைத் தமிழ், வங்காளம், ஆங்கிலம் மூன்றிலும் அமைத்தோம். ஆங்கிலம் மட்டும் சரியாக வருகிறது. தமிழும் வங்காளமும் சில இடங்களில் கேள்விக்குறிகளாகவும், சில இடங்களில் புரியாத எழுத்துகளாகவும் வருகின்றன. இது ஃபாண்ட் சிக்கலா?
(விடுதி மேலாளர், வேலூர்)

பதில்: இது ஃபாண்ட் சிக்கலன்று. தமிழில் தளம் அமைப்போர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையாகிய யூனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றையும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க மூன்று பைட்டுகள் வேண்டும், வங்காளத்துக்கும் அப்படியே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆங்கிலம் எந்தக் குறியாக்கத்திலும் தப்பிவிடுவதும் நம் மொழிகள் சிக்கிக்கொள்வதும் இதனால்தான். எழுத்து எடிட்டரில் கோப்பாகச் சேமிக்கப்பட்டு, பிஎச்பி வழியே தரவுத்தள இணைப்பைக் கடந்து, அட்டவணையில் தங்கி, மீண்டும் பிரவுசருக்கு வருகிறது. இந்த இடங்களில் ஏதேனும் ஒன்று யூடிஎஃப்-8 அல்லாத முறையில் இருந்தாலும் எழுத்து சிதைந்துவிடும்.

முதலில், தரவுத்தளத்தைப் பிரவுசரில் காட்டும் பிஎச்பிமைஅட்மின் பக்கத்தைத் திறந்து அட்டவணையைப் பாருங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்து, உங்கள் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறியாக வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, இணைப்புதான் தவறு. பிஎச்பியில் தரவுத்தளத்தோடு இணைந்தவுடன் அதன் எழுத்துக் குறியாக்கம் 'யூடிஎஃப்8எம்பி4' என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடும். அட்டவணையிலேயே புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றால், பைட்டுகள் தவறான பெயரில் சேமிக்கப்பட்டுள்ளன. பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அட்டவணையிலேயே வெறும் கேள்விக்குறிகள் இருந்தால், சேமிக்கும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன. அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது; முன்பதிவுப் பதிவேட்டைப் பார்த்து மீண்டும் உள்ளிடத்தான் வேண்டும். எனவே இந்தச் சோதனையை முடிக்கும்வரை புதிய பதிவுகளை ஏற்காதீர்கள்.

பழைய அட்டவணைகளில் 'லத்தீன்1 ஸ்வீடிஷ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய நிறுவனம் ஸ்வீடனைச் சேர்ந்தது. அவர்கள் மொழியின் அகரவரிசையே நெடுங்காலம் இயல்புநிலையாக இருந்தது. மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பில்தான் இயல்புநிலை யூடிஎஃப்8எம்பி4 ஆனது. தரவுத்தளத்தையும் அட்டவணைகளையும் நீங்களே இந்த முறையில் உருவாக்குங்கள். வெறும் 'யூடிஎஃப்8' என்ற பழைய முறை மூன்று பைட் வரையே ஏற்கும் என்பதால், தமிழ் தப்பினாலும், விருந்தினர் கருத்துகளில் வரும் நான்கு பைட் எமோஜிகள் தப்பா.

நீளத்தைக் கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். 'வேலூர்' என்ற சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள். யூடிஎஃப்-8இல் 18 பைட்டுகள். பிஎச்பியின் பழைய 'ஸ்டிரிங்' செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) பைட்டுகளையே எண்ணுகின்றன. அவற்றைக் கொண்டு தமிழ் வாக்கியத்தை நறுக்கினால் ஓர் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்து, இறுதியில் சாய்சதுரத்தினுள் கேள்விக்குறி தோன்றும். 'எம்பி' என்று தொடங்கும் செயற்கூறுகள் குறிகளை எண்ணுவதால் சிதைவு வராது. ஆனால் 'வேலூர்' என்பதை மூன்றாம் குறியில் வெட்டினால் 'வேல' என்று நிற்கும். நம் எழுத்தை எழுத்தாகவே எண்ண வேண்டுமானால் 'கிராபீம்' என்று தொடங்கும் செயற்கூறுகளே சரியானவை. அவற்றுக்கு 'இன்டெல்' எனப்படும் பன்மொழி நீட்சி தேவை. எக்ஸாம்ப்பில் பிஎச்பியின் ஐ.என்.ஐ. அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த நீட்சியின் பெயருள்ள வரியின் முன்னுள்ள அரைப்புள்ளியை நீக்கி, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினால் கிடைத்துவிடும். வாடகைச் சர்வரிலும் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டபோது கணினி அணைந்துவிட்டது. அதன்பின் எக்ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல், எதிர்பாராமல் நின்றுவிட்டதாகச் சொல்கிறது. 'ஐபிடேட்டா1' என்ற கோப்பை நீக்கினால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார். நீக்கலாமா?
(கைத்தறித் துணி வணிகர், குடியாத்தம்)

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் அட்டவணைகளைப் பற்றிய அகராதி அந்தக் கோப்பினுள்தான் இருக்கிறது. அதை நீக்கினால் தரவுத்தளம் தொடங்கிவிடும். ஆனால் பெயர்கள் மட்டும் தெரிந்து, அட்டவணைகள் இல்லை என்று சொல்லும்.

முதல் வேலையாக, எக்ஸாம்ப்பின் 'மைஎஸ்கியூஎல்' கோப்புறையினுள் இருக்கும் 'டேட்டா' கோப்புறையை முழுவதுமாகப் பென்டிரைவில் நகலெடுங்கள். இனி என்ன தவறு நேர்ந்தாலும் இந்த நிலைக்காவது திரும்பலாம். அடுத்து 'லாக்ஸ்' பொத்தானை அழுத்திப் பிழைப் பதிவைப் படியுங்கள். மரியாடிபி தன் சொந்த அட்டவணைகளை 'ஏரியா' என்ற முறையில் வைத்திருக்கிறது. திடீர் மின்தடையில் பழுதாவது பல நேரங்களில் இவைதான். உங்கள் வணிகத் தரவு நலமாகவே இருக்கக்கூடும்.

அவ்வாறாயின் பலருக்குப் பலனளித்துள்ள வழி ஒன்று உண்டு. 'டேட்டா' கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, அருகிலேயே உள்ள 'பேக்கப்' கோப்புறையை நகலெடுத்து அந்த நகலுக்கு 'டேட்டா' என்று பெயரிடுங்கள். பிறகு பழையதிலிருந்து உங்கள் சொந்தத் தரவுத்தளங்களின் கோப்புறைகளையும் 'ஐபிடேட்டா1' கோப்பையும் மட்டும் புதியதில் கொண்டுவந்து வையுங்கள். 'மைஎஸ்கியூஎல்' என்ற பெயரிலேயே உள்ளே இருக்கும் கோப்புறையைப் பழையதிலிருந்து எடுக்காதீர்கள். பழுது அதில்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி, வேலை முடிந்ததும் 'ஸ்டாப்' அழுத்திய பின்பே கணினியை அணையுங்கள். பிஎச்பிமைஅட்மினின் 'எக்ஸ்போர்ட்' வழியாக வாரந்தோறும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்குவது வீண் செலவன்று. பேட்டரி செயலிழந்த பழைய மடிக்கணினியும் மின்தடையின்போது மேசைக் கணினியைப் போலவே அணைந்துவிடும் என்பதால், அதற்கும் இது பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் உள்ள 'மைஎஸ்கியூஎல் கனெக்ட்' என்ற செயற்கூறு இயங்கவில்லை. பழைய பிஎச்பியை நிறுவட்டுமா?
(கல்லூரி மாணவர், வாலாஜாபேட்டை)

பதில்: வேண்டாம். 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7.0 பதிப்பிலேயே அந்தச் செயற்கூறுகள் நீக்கப்பட்டுவிட்டன. 'மைஎஸ்கியூஎல்ஐ' அல்லது 'பிடிஓ' வழியாக எழுதுங்கள். பயனர் தட்டச்சிடுவதைத் தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டி எழுதாமல் தனியாக அனுப்பும் வசதி இவற்றில் உண்டு. தளத்துக்குள் தீயவர் நுழைவதைத் தடுக்கும் முதல் வேலி அது. பிஎச்பியின் அதிகாரப்பூர்வக் கையேட்டுப் பக்கத்தை ஆசிரியரிடம் காட்டினால், அவரே குறிப்பேட்டைத் திருத்த முன்வருவார் என்று நம்புகிறோம்.

கேள்வி: என் கணினியில் இயங்கும் தளத்தைக் கைப்பேசியில் பார்ப்பது எப்படி?
(இல்லத்தரசி, போளூர்)

பதில்: கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கிக் கணினியை அதனோடு இணையுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' என்று கொடுத்தால் ஐபிவி4 என்பதற்கு நேரே ஓர் எண் முகவரி வரும். கைப்பேசியின் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதற்குப் பதிலாக அந்த எண்ணைக் கொடுங்கள். அப்பாச்சியின் போர்ட்டை மாற்றியிருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸின் ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனிப்பட்ட நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி தாருங்கள். அப்போதும் பக்கம் திறக்காவிட்டால், விண்டோஸ் அமைப்புகளில் அந்த ஹாட்ஸ்பாட் பொது நெட்வொர்க்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். எக்ஸாம்ப்பின் தரவுத்தளத்தில் 'ரூட்' பயனருக்குக் கடவுச்சொல்லே வைக்கப்படாமல் வருகிறது; ஆகவே பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் பொது வைஃபையில் இருக்கும்போது அப்பாச்சியையும் மைஎஸ்கியூஎல்லையும் நிறுத்தியே வையுங்கள்.